ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டல்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கையில் கொடுத்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டு எங்கே என்று தேடினாள். தட்டு அவள் முன்னால்தான் இருந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களில் இரண்டு கண்களும் வறண்டு, வெளிச்சம் தாங்காமல் எந்நேரமும் மூடிக்கொண்டே இருந்தாள். இடது கண்ணின் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. எஸ்டேட் லயத்தில் பக்கத்து அறைகளில் இருந்த பெண்கள் வந்து பார்த்தார்கள். "பூ விழுந்துருச்சு" என்று ஒருத்தி சொன்னாள். 

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் தேயிலை எஸ்டேட் ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை சண்டை தொடங்கிய வேகத்திலேயே சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பற்றித் தகவல் இல்லை. கணக்கெழுதும் கிராணி மட்டும் இருந்து வேலை பார்த்தார். தேயிலையில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்குமாவுக் கஞ்சி. என் கணவர் பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ஜப்பான் அதிகாரி ஆள் அனுப்பிக் கேட்டால் மட்டும் பேக்டரி ஓடும். மற்ற நாளில் அவரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போவார்.

மகளைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தாவுக்கு நடந்தோம். அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரஸ்ஸர் இமையைப் பிரித்துப் பார்த்தார். 

"இங்க மருந்து அலமாரியே காலிம்மா. சும்மா தண்ணிய ஊத்திக் கழுவி விடத்தான் என்னால முடியும். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில கண்ணு டாக்டர் இருக்காரு. சீக்கிரம் போங்க. வலது கண்ணும் இதே மாதிரிதான் ஆவப்போவுது."

மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு அப்பால் நான் போனதே இல்லை. தாப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்தேன். என் உலகம் அதோடு முடிந்தது. என் கணவர் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அவருக்கும் மலையை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

பிள்ளையின் கண் போய்க்கொண்டிருக்கும்போது, கோலாலம்பூரில் எங்கே தங்குவது என்றா யோசிப்பார்கள் என்று இன்றைக்குக் கேட்பவர்களுக்குத் தோன்றும். அன்றைக்கு அதுதான் எங்கள் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பாமல் போகவே, பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்கத் தொடங்கினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, ஆண்களை மட்டும் லாரியில் ஏற்றிப் போன கதை எங்கள் மலைவரைக்கும் வந்துவிட்டது. டவுனில் தமிழாள் கூட்டமாகப் படுக்கும் இடம் எதுவானாலும் ஆபத்து. ரயில் கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல்தான் போய்ச் சேரும். ஆஸ்பத்திரியிலோ காலையில்தான் புதிய நோயாளிகளைப் பார்ப்பார்கள். ஆக, ஒரு ராத்திரி அங்கே தங்கியே ஆகவேண்டும். அந்த ஒரு ராத்திரிக்குத்தான் பயந்தோம்.

"நீங்க வராதீங்க, நான் மட்டும் போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பட்டாளத்துக்காரன் நிக்கிற ஊருல உன்னத் தனியா அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து கெழங்கு திங்கவா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

எங்களில் கோலாலம்பூரைப் பார்த்திருந்தது ஒரே ஆள், துரை பங்களாவின் குசினிக்காரர். சண்டைக்கு முன்னால் துரையோடு இரண்டொரு முறை போய் வந்தவர். துரை இல்லாத பங்களாவில் அவர் இன்னும் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவரிடம் போய் நின்றோம்.

"அண்ணே, ஒரு ராத்திரி தங்கணும். எங்க தங்குறது?" என்று என் கணவர் கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்திரம் மாதிரி ஓசி எடம் எதுக்கும் போவாத. சின்ன லாட்ஜுக்கும் போவாத. அங்கதான் வந்து அள்ளுவான்" என்றார். "பெரிய ஹோட்டலுக்குப் போ. பெரிய ஆளுங்க படுக்கிற எடத்துல சோதனைக்கு வரமாட்டான். அதுலயும், ஸ்டேஷன விட்டு எறங்குனா ரோட்டுல ரொம்ப நடக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்கும் கிட்டக்க இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல பச்சை ஜன்னல் வச்ச ஹோட்டல் ஒண்ணு இருக்கு. துரை அங்கதான் தங்குவாரு. நான் பின்னாடி குசினிப் பக்கம் படுத்துக்குவேன்."

"பெரிய ஹோட்டலா? நம்மள உள்ள விடுவானா?"

"கோட் போட்டா விடுவான்."

தன்னுடைய வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். துரைக்குப் பரிமாறும்போது போட்டுக்கொள்வது. என் கணவருக்குத் தோளில் பிடித்தது, ஆனாலும் பொத்தான் போட முடிந்தது. வாடகைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காத காலம்.

"தேயிலை கொண்டுபோ தங்கச்சி. டவுன்ல எதையெதையோ வறுத்துத் தண்ணி போட்டுக் குடிக்கிறாங்களாம். நல்ல தூளக் கண்டா எவனும் இல்லன்னு சொல்லமாட்டான் லா."

பேக்டரியில் கடைசியாக அரைத்ததிலிருந்து கூலிக்குப் பதிலாக எங்களுக்குக் கொஞ்சம் தூள் கிடைத்திருந்தது. அதைத் துணிப்பைகளில் கட்டிக்கொண்டேன். தேயிலையை மலையிலிருந்து இறக்க அனுமதி வேண்டும். எங்களிடம் அது இல்லை. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பில் ஓடும் லாரி ஒன்று தாப்பாவுக்குப் போகும். சீன டிரைவர், பையை முட்டைக்கோசுக்கு அடியில் தள்ளிவிட்டு எங்களை மேலே உட்காரச் சொன்னார். தாப்பா காவல் சாவடியில் ஜப்பான் சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால் முட்டைக்கோசைக் குத்திக் குத்திப் பார்த்தான். நாங்கள் இறங்கி, தலை முழங்காலைத் தொடுமளவு குனிந்து நின்றோம். மகள் கண்ணை மூடியபடி, "அம்மா, யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாயை என் கையால் பொத்தினேன்.

தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். சுங்காயில் ஒரு சின்னஞ்சிறு குடும்பம் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தது. ரப்பர் எஸ்டேட் ஆட்கள். கணவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவன் மனைவி என்னைவிடச் சின்னவள், மார்பில் கைக்குழந்தை. அவர்கள் எஸ்டேட்டில் பால்வெட்டு நின்று, தின்ன வழியில்லாமல், டவுனில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று புறப்பட்டிருந்தார்கள். அவன் நல்ல கலகலப்பான ஆள். என் மகளுடைய கண்ணைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், அவளைத் தன் மடியில் வாங்கி, அவள் உள்ளங்கையில் விரலால் எதையோ வரைந்து, "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று விளையாட்டுக் காட்டினான். அவள் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"எங்கண்ணே தங்கப்போறீங்க?" என்று என் கணவரைக் கேட்டான்.

என் கணவர் கூச்சத்தோடு சொன்னார். அவன் சிரித்துவிட்டான்.

"ஹோட்டலா? நமக்கா? அண்ணே, ஒரு பழைய மண்டபம் இருக்காம். எஸ்டேட்டுல இருந்து வர்ற தமிழாளுங்களுக்கு எடம் குடுத்து, சோறும் போடுறாங்களாம். யாரு போடுறாங்கன்னு தெரியாது. புண்ணியவான்க. நாம எல்லாம் ஒண்ணா போயிடலாம்."

சோறு என்ற சொல்லைக் கேட்டதும் என் மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, சோறு" என்றாள். சிணுங்கவில்லை, அழவில்லை, அப்படி ஒன்று இருந்தது ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள். நான் வெளியே பார்த்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் மனம் ஆடியது எனக்குத் தெரிந்தது. என் மனமும் ஆடியது. பிள்ளைக்கு ஒரு பிடி சோறு. அதைவிடப் பெரிதாக எங்களுக்கு எதுவும் தெரியாத காலம்.

"தம்பி, ஓசி எடத்துக்குப் போகாதன்னு வெவரம் தெரிஞ்சவரு ஒருத்தரு சொல்லியிருக்காரு. ஆளு புடிக்கிறாங்களாம். நீங்களும் எங்ககூட வாங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் எஸ்டேட்டுல அக்கா. டவுன்ல நாலு பேரு பாக்க அப்படிச் செய்யமாட்டாங்க" என்றான். "கோட்டு வேற இல்ல என்கிட்ட."

 இறங்கும்போது அவன் மனைவி என்னிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரியிலதான் இருப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஸ்டேஷன் வாசலில் அவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தோம்.

பச்சை ஜன்னல் ஹோட்டலைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குசினிக்காரர் சொன்ன வழி சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் சிவப்பு வட்டக் கொடி தொங்கியது. துப்பாக்கியோடு காவல் நின்றான். உள்ளேயிருந்து பட்டாள அதிகாரிகள் பூட்ஸ் சத்தத்தோடு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அது இப்போது அவர்கள் தங்குமிடம். என் கணவர் குனிந்து வணங்கினார், நானும் குனிந்தேன், அப்படியே நகர்ந்து வந்துவிட்டோம். 

வேறு இடம் எங்களுக்குத் தெரியாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் சின்ன லாட்ஜுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் வேலையில்லாத ஆண்கள் குந்தியிருந்தார்கள். "இதுலயே ஒண்ணுல போயிடலாமா?" என்று என் கணவர் கேட்டார்.  நான் வேண்டாம் என்றேன். கட்டடத்தின் உயரத்தையும் வாசலையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். எங்கே வாசலில் மோட்டார் நிற்கிறது, எங்கே செருப்பில்லாத ஆள் உள்ளே போவதில்லை என்று பார்த்தேன். வழியில் ஒரு தமிழ்ப் பால்காரரிடம் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தத் திசையிலேயே போனோம். ஆஸ்பத்திரி ரோடு பிரியும் இடத்தில் நான்கு மாடியோடு ஒரு சீன ஹோட்டல் இருந்தது. பளிங்குப் படி. பித்தளைக் கைப்பிடி வைத்த கண்ணாடிக் கதவு. வாசலில் ஒரு மோட்டார்.

"இதுதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. இனி நடக்க எனக்குத் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஹைலாம் இனத்தைச் சேர்ந்த வயதான சீனர் ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும் மலாய்மொழியில், "பீலேக் தாடா" என்றார். அறை இல்லை. என் கணவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைக்குக் கண் சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம், ஒரே ஒரு ராத்திரி என்று தெரிந்த மலாயில் சொன்னார். அவர் கோட்டைப் பார்க்கவில்லை. என் கணவருடைய கால்களைப் பார்த்தார். மரவள்ளிக் காட்டு மண் வெடிப்புகளில் அப்படியே இருந்தது. மறுபடி அறை இல்லை என்றார்.

நான் பையைப் பிரித்து, தேயிலைத் தூளை ஒரு கை அள்ளி மேசைமேல் கொட்டினேன். அது மரியாதையான செயல் இல்லை. அழுகை வந்துவிட்டால் கீழே உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்துதான் அப்படிச் செய்தேன். அவர் குனிந்து முகர்ந்தார். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு முதல்முறையாக மகளைப் பார்த்தார். வெளிச்சம் படாமல் அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

மேல்மாடியில், பின்பக்கமாக ஒரு அறை கொடுத்தார். என் கணவரைச் சுட்டிக்காட்டி, "ஜாங்ஙான் துருன்" என்றார். கீழே இறங்காதே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜப்பான் கம்பெனிக்காரர்கள் கீழே வருவார்களாம்.

அந்த அறையில் கொசுவலை போட்ட கட்டில் இருந்தது. திருகினால் தண்ணீர் வரும் குழாய், ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது வேறு யாரோ நிற்கிறாள் என்று நினைத்தேன். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தூக்கி, அப்படி ஆகியிருந்தேன். மகள் படுக்கை விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். கொண்டுபோயிருந்த அவித்த கிழங்கைச் சாப்பிட்டோம். இருட்டுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. என் கணவர் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து ஜெபம் செய்தோம். என்ன கேட்டோம் என்று நினைவில்லை. வார்த்தை ஒழுங்காக வரவில்லை.

காலையில் அவரை அறையிலேயே விட்டுவிட்டு நானும் மகளும் மட்டும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். ஹோட்டல் இருந்த இடம் நல்ல இடம். ரோட்டோடு நேராகப் போனால் போதும். யாரையும் வழி கேட்கவேண்டி வரவில்லை.

கண் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டார். கிழங்கு என்றேன். வேறு? கீரை கிடைத்தால் கீரை. எண்ணெய்? எண்ணெய் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று என்றேன்.

"இது கண்ணில் வந்த வருத்தம் இல்லை அம்மா, வயிற்றில் இருந்து வந்த நோய். மீன் எண்ணெய் கொஞ்சம் தாறன், என்னட்டை அவ்வளவுதான் இருக்கு. அது முடிஞ்சால் செம்பனை எண்ணெய் குடுங்கோ. விளக்கெரிக்கினமே, அந்தச் சிவப்பு எண்ணெய். காய்ச்சாமல் கரண்டியால குடுங்கோ. எண்ணெய் இல்லாமல் கீரை மட்டும் குடுத்துப் பிரயோசனம் இல்லை."

"கண்ணு தெரியுமா டாக்டர்?"

"வலது கண் தப்பும். இடது கண்ணுக்கு நான் பொய் சொல்ல மாட்டன். அது போயிட்டுது."

வெளியே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கரண்டி எண்ணெய். அது இல்லாமல் ஒரு கண். அப்போதுதான், "அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். ரயிலில் வந்தவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பு தரையில் இழுபட நின்றாள். அவளோடு அவன் இல்லை.

"சோறு போட்டாங்கக்கா" என்றாள். "எல போட்டு, கொழம்பு ஊத்திப் போட்டாங்க. சாப்பிட்டு எந்திரிச்சு அவரு கைகழுவப் போனாரு. லாரி வந்து நின்னுச்சு. ஆம்பளைங்கள மட்டும் ஏத்துனாங்க. ஈரக் கையோட ஏத்திட்டாங்க. எனக்கு இந்த ஊருல உங்களத்தான் தெரியும்."

அவள் அழவில்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்குக் கூட்டிவந்தேன். மாடிக்குப் போனதும், விஷயத்தைக் கேட்ட என் கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ரயிலில் அவன் விளையாட்டுக் காட்டிய எங்கள் பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே கால் வைக்க அவருக்கு அதன்பிறகு தைரியமில்லை. ஆனால் ரயிலைப் பிடிக்கவேண்டும். இன்னொரு ராத்திரி அங்கே இருக்க முடியாது.

நான் கீழே போய் ஹைலாம்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மலாய் அரைகுறை. பாதியைக் கையால் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் குசினிக்குள் போய் ஒரு பாட்டில் நிறைய செம்பனை எண்ணெய் கொண்டுவந்தார். அப்புறம் ஹோட்டல் கூலிகள் கையில் கட்டும் பட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் ஜப்பான் எழுத்தில் முத்திரை இருந்தது. ஸ்டேஷனுக்குப் பெட்டி தள்ளும் ஆட்களை யாரும் பிடிப்பதில்லை, ஹோட்டலுக்கு வருகிறவர்கள் ஜப்பான் கம்பெனிக்காரர்கள் என்பதால். மிச்சமிருந்த தேயிலை முழுவதையும் அவரிடம் கொடுத்தேன். அவர் பாதியைத் திருப்பித் தள்ளினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கோட்டைக் கழற்றிவிட்டு, கைப்பட்டை கட்டி, யாருடையவோ பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியை என் கணவர் ஹோட்டல் கூலி ஒருவரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பெண்களும் தெரியாதவர்கள்போலப் பின்னால் நடந்தோம். வழியில் சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவன் வண்டியைப் பார்த்தான், கைப்பட்டையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். என் மகளை நான் பிடித்த பிடியில் அவள் கை சிவந்துவிட்டது.

ஸ்டேஷனில் எங்கள் ரயில் இன்னும் வரவில்லை. தூரத்துத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று நின்றது. இரும்புப் பெட்டிகள். கதவுகளை ஒரு சாண் திறந்து சங்கிலி போட்டிருந்தார்கள். அந்த இடுக்குகளில் விரல்கள் தெரிந்தன. வடக்கே போகும் வண்டி. நாங்கள் போகவேண்டியதும் வடக்கேதான்.

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினாள். பெட்டிகளை ஒட்டி நடந்துகொண்டே, "பாப்பாவோட அப்பா, பாப்பாவோட அப்பா" என்று கூப்பிட்டாள். எந்தப் பாப்பா, எந்த அப்பா? உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் யாரோ ஒரு பாப்பாவுக்கு அப்பாதான். அவள் நின்றாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அதை ஒருமுறைகூடச் சொல்லியிருக்கமாட்டாள். இப்போது உரக்க, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதை நான் இங்கே எழுதவில்லை. எஸ்டேட்டுக்குப் பத்துப் பேருக்காவது இருக்கும் பெயர், ஒரு சாமியின் பெயர்.

"இங்க இருக்கேன்" என்று ஒரு பெட்டியிலிருந்து குரல் வந்தது. இன்னொரு பெட்டியிலிருந்தும் வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓடினாள். எதுவும் அவன் குரல் இல்லை. உள்ளே இருந்தவர்கள் பெண்குரல் கேட்டதும் தங்கள் எஸ்டேட் பேரையும் ஊர்ப் பேரையும் கத்த ஆரம்பித்தார்கள். சொல்லிடும்மா, சொல்லிடும்மா என்றார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தியதில் ஒன்றும் விளங்கவில்லை. காவல்காரன் வந்து துப்பாக்கிக் கட்டையால் அவளைத் தள்ளினான். விழுந்தவளை நான் போய்த் தூக்கினேன். அவள் புருஷன் அந்த வண்டியில் இருந்தானா, வாய் திறக்கமுடியாமல் இருந்தானா, இல்லை முன்பே கொண்டுபோய்விட்டார்களா, தெரியாது.

அவளை எங்களோடு மலைக்குக் கூட்டிவந்தோம். சுங்காய் ஸ்டேஷன் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. நாங்களும் இறங்கச் சொல்லவில்லை.

எங்கள் ஒற்றை அறை லயத்தில் நடுவில் சாக்கைக் கட்டி அவளுக்கு இடம் கொடுத்தோம். கிராணி அவள் பேரை மரவள்ளிக் காட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார். செம்பனை எண்ணெயைத் தினமும் ஒரு கரண்டி மகளுக்குக் கொடுத்தேன். தொண்டையில் ஒட்டும், அவள் ஓங்கரிப்பாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். மகள் வாசலில் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, ஒரு மாமா வராங்க" என்றாள். எனக்கு முதலில் உறைக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பார்வை கிடையாதே. அப்புறம்தான் உள்ளே எல்லாம் குளிர்ந்துபோனது. நான் அவளை வாரி எடுப்பதற்குள், அந்தப் பெண் சாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பாதையில் வந்தவர் விறகுக் கட்டோடு பக்கத்து லயத்துக்காரர். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, என் மகளை மடியில் வைத்து, "நல்லாத் தெரியுதா தங்கம்?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை.

ஜப்பான்காரன் போகும்வரை, லாரிச் சத்தம் கேட்டாலே என் கணவர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் ஏறிவிடுவார். சில நாள் ஈரத்தில் அட்டைக்கடியோடு அங்கேயே கிடந்துவிட்டு வருவார். பிழைத்துக்கொண்டார். மகளின் இடது கண் வெள்ளையாகவே நின்றுவிட்டது. வலது கண்ணால் அவள் எழுத்துப் படித்தாள், கொழுந்து எடுத்தாள், தன் பிள்ளைகளை வளர்த்தாள்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் வரத் தொடங்கியபோது, அந்தப் பெண், ஆட்கள் வருவதாகக் கேள்விப்படும்போதெல்லாம் தாப்பாவுக்கு இறங்கிப்போய் நிற்பாள். வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அவள் புருஷன் பெயரைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அந்தப் பெயரில் பலரைப் புதைத்ததாக ஒருவர் சொன்னார். எந்த எஸ்டேட்டுக்காரன் என்று அவருக்குத் தெரியவில்லை. தாலியைக் கழற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கழற்றவில்லை.

கடைசியில் சித்தியவான் ஊரில் இருந்த அவள் அண்ணன் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தன்னோடு வந்துவிடச் சொன்னார். அவளுக்கும் எத்தனை நாள் சாக்குக்குப் பின்னால் இருப்பது. காய்கறி லாரியில்தான் ஏறினார்கள். மார்பில் பால் குடித்த அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் நடை பழகி, பேச்சுப் பழகியிருந்தது. என் கணவரை அப்பா என்றுதான் கூப்பிடும்; திருத்த எங்களில் யாருக்கும் மனம் வந்ததில்லை. லாரி கிளம்பும்போதும், "அப்பா, வாங்க, ஏறுங்க" என்று கையை நீட்டிக் கூப்பிட்டது. அவர் லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார். அவள் பக்கமும் பார்க்கவில்லை, பிள்ளையின் பக்கமும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்கு வேலை இல்லாத நாள். ஆனாலும் நேராகப் பேக்டரிக்குப் போய், பொழுது சாயும்வரை காலியான வாட்டும் மாடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.